பவர் கொயரியில் இடைப்படியைப் பகிரும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்ய

ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர் ஷூ கம்பெனி, வேலூர் மண்டிக் கடை என்று எங்கே போனாலும் மாதக் கடைசி எக்செல் கோப்பு ஒரே ஜாடையில்தான் இருக்கிறது. கணக்கு மென்பொருளிலிருந்து விற்பனை விவரம் மாதத்துக்கு ஒரு கோப்பாக இறங்கும். மேலே கம்பெனி பெயர், முகவரி, தேதி என்று நாலைந்து வரி இருக்கும். கீழே ஒரு மொத்தம். அதையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்து மாவட்ட வாரி விற்பனை, பார்ட்டி வாரி பாக்கி, எச்எஸ்என் (ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண்) வாரித் தொகை என மூன்று அறிக்கை எடுக்க வேண்டும். மூன்றுக்கும் முதல் பாதி வேலை ஒன்றுதான். இந்த வேலையைச் செய்ய எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் கருவிதான் பவர் கொயரி. அதில் ஒரு தரவை எடுத்துச் சுத்தம் செய்யும் படிகளின் தொகுப்புக்குக் கொயரி என்று பெயர். அந்த முதல் பாதியைத்தான் இங்கே இடைப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் கோப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கைக்காசு கரையும் காரணம் கடைசியில் வரும்.

எடுத்துக்காட்டுக்காக நான்கு பெயர் வைத்துக்கொள்வோம். கோப்புகளை அப்படியே படிக்கும் கொயரி 'விற்பனை_மூலம்'. அதைச் சுத்தம் செய்வது 'விற்பனை_சுத்தம்'. எந்த ஊர் எந்த மாவட்டம் என்று சொல்லும் பட்டியல் 'ஊர்_மாவட்டம்'. கடைசியில் ஷீட்டில் இறங்கும் மூன்றையும் 'அறிக்கைகள்' என்போம்.

எதைத் தொடுவதற்கு முன்னும் கோப்பை ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் பவர் கொயரி எடிட்டரில் 'வியூ' தாவலுக்குப் போய் 'கொயரி டிபென்டன்சீஸ்' என்பதைத் திறங்கள். எது எதை நம்பி நிற்கிறது என்ற படம் வரும். மூலம், சுத்தம் என்று ஒரே கோடாக வந்து அதன்பிறகு மூன்றாகப் பிரிந்தால் அமைப்பு சரி. மூலத்திலிருந்தே மூன்று தனிக் கோடுகள் கிளம்பினால் இடைப்படி பகிரப்படவில்லை, மூன்று முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது. பாதிக் கோளாறு இந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒரே மாத விற்பனை, இரண்டு ஷீட்டில் இரண்டு மொத்தம்

ஒரு ஷீட் மட்டும் ரெஃப்ரெஷ் ஆகியிருக்கிறதா? அட்டவணை மேல் வலது கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுத்தால் அது ஒன்றுதான் புதுப்பிக்கும். 'டேட்டா' தாவலில் 'ரெஃப்ரெஷ் ஆல்' கொடுத்துப் பாருங்கள். மொத்தம் ஒத்துப்போனால் வேலை முடிந்தது.

'டூப்ளிகேட்' கொடுத்த இடமா, 'ரெஃபரன்ஸ்' கொடுத்த இடமா? கொயரிப் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். டூப்ளிகேட் எல்லாப் படிகளையும் அப்படியே நகலெடுக்கும். அதற்கு அப்புறம் மூலக் கொயரியில் நீங்கள் என்ன திருத்தினாலும் நகலுக்குத் தெரியாது. ரெஃபரன்ஸ், அந்தக் கொயரியின் விளைவிலிருந்து புதியதைத் தொடங்கும்.

சோதிப்பது சுலபம். அறிக்கைக் கொயரியில் வலப்பக்கம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலின் முதல் படியை, அதாவது 'சோர்ஸ்' என்பதைத் தட்டி ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே சமக்குறிக்கு அடுத்து 'விற்பனை_சுத்தம்' என்று மட்டும் இருந்தால் ரெஃபரன்ஸ். கோப்புப் பாதையோ ஃபோல்டர் பாதையோ இருந்தால் டூப்ளிகேட். ரத்தான பில்களை ஒன்றில் வடிகட்டியிருப்பார்கள், மற்ற இரண்டில் மறந்திருப்பார்கள். மொத்தம் மாறுவதற்கு இதுவே முக்கால்வாசிக் காரணம்.

சரிசெய்வது இப்படி. ஒழுங்காக இருக்கும் அறிக்கைக் கொயரியை எடுங்கள். பொது வேலை முடிந்து அந்த அறிக்கைக்கே உரிய வேலை எந்தப் படியில் தொடங்குகிறதோ, அந்தப் படிமேல் வலது கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட் ப்ரீவியஸ்' கொடுங்கள். புதிய பெயர் கேட்கும், 'விற்பனை_சுத்தம்' என்று கொடுங்கள். அதற்கு முந்தைய படிகள் எல்லாம் அந்தப் புதிய கொயரிக்குப் போய்விடும். பழையது அதைப் பார்த்துத் தொடங்கும்படி தானாகவே மாறிவிடும். மற்ற இரண்டு அறிக்கைகளில் பொதுப் படிகளை அழித்துவிட்டு, சோர்ஸ் படியில் பாதை இருந்த இடத்தில் சமக்குறி போட்டு 'விற்பனை_சுத்தம்' என்று எழுதுங்கள். நெடுவரிசைப் பெயர் ஒன்றிரண்டு ஒத்துப்போகாமல் கத்தும். அதை அடுத்து வரும் அறிகுறிகளில் பார்க்கலாம்.

இணைக்கும்போது வரிகள் பெருகுகின்றனவா? அமைப்பு சரி, எல்லாம் ரெஃபரன்ஸ்தான், ஆனாலும் மாவட்ட வாரி மொத்தம் மட்டும் அதிகமாக வருகிறது என்றால் 'ஊர்_மாவட்டம்' பட்டியலைச் சந்தேகப்படுங்கள். நம் பகுதியில் இது ஏறக்குறைய நிச்சயம்.

காரணம் இதுதான். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானபோது ஆரணி, செய்யாறு பக்கமெல்லாம் திருவண்ணாமலையோடு போயிற்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, அரக்கோணம், வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்குப் போயின. குடியாத்தம், காட்பாடி, பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றன. பிரிந்தபோது பட்டியலில் 'ஆம்பூர், திருப்பத்தூர்' என்று யாரோ புதிய வரி சேர்த்திருப்பார்கள். பழைய 'ஆம்பூர், வேலூர்' வரியை அழித்திருக்க மாட்டார்கள். இப்போது விற்பனையையும் இந்தப் பட்டியலையும் ஊர்ப் பெயரால் இணைக்கும் 'மெர்ஜ்' செய்து விரித்தால் ஒவ்வொரு ஆம்பூர் பில்லும் இரண்டு வரியாக விரியும். ஒன்று வேலூரில் சேரும், ஒன்று திருப்பத்தூரில் சேரும். இரண்டு மாவட்ட மேலாளருக்கும் சந்தோஷம், கணக்கருக்கு மட்டும் தலைவலி.

சோதனைக்கு, மெர்ஜ் படிக்கு முன்பும் விரித்த படிக்குப் பின்பும் வரி எண்ணிக்கையைப் பாருங்கள். 'டிரான்ஸ்ஃபார்ம்' தாவலில் 'கவுன்ட் ரோஸ்' கொடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தப் படியை அழித்துவிடலாம். எண் கூடியிருந்தால் பட்டியலில் இரட்டை வரி இருக்கிறது. பட்டியலைத்தான் திருத்த வேண்டும். மெர்ஜ் முடிந்தபிறகு 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். ஒரே நாளில் ஒரே பார்ட்டிக்கு ஒரே தொகையில் உண்மையாகவே போட்ட இரண்டு பில்லில் ஒன்றும் சேர்ந்து போய்விடும்.

மொத்தம் குறைவாக வந்தால் பிரச்சினை எழுத்தில் இருக்கும். ஆம்பூரை ஆங்கிலத்தில் ஒருவர் 'யு' போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போடுவார், மூன்றாமவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பார். பவர் கொயரிக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. 'விற்பனை_சுத்தம்' கொயரிக்குள்ளேயே 'ட்ரிம்', 'அப்பர்கேஸ்' இரண்டையும் போட்டு, மாறி நிற்கும் எழுத்துக்கூட்டலை 'ரிப்ளேஸ் வேல்யூஸ்' கொண்டு ஒன்றாக்கிவிட்டால் மூன்று அறிக்கைக்கும் சேர்ந்து சரியாகும். இடைப்படியைப் பகிர்வதன் லாபமே இதில்தான் இருக்கிறது.

இதைவிட நல்ல வழி, ஊர்ப் பெயரை விட்டுவிட்டு பின்கோடை வைத்து இணைப்பது. ஆனால் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டம் பிரிக்க முடியாது. 632001 வேலூர், 632401 ராணிப்பேட்டை, 632301 ஆரணி. மூன்றும் 632தான், மாவட்டமோ மூன்று. ஆறு இலக்கத்தையும் எடுங்கள். இரண்டு பக்கமும் 'டெக்ஸ்ட்' வகையாக வையுங்கள். ஒரு பக்கம் எண், ஒரு பக்கம் எழுத்து என்றால் ஒட்டாது.

பாக்கி அறிக்கையில் மட்டும் வித்தியாசமா? பார்ட்டியின் கடைசி ரசீதை எடுக்கத் தேதியை இறங்குவரிசையில் அடுக்கி, பிறகு பார்ட்டிப் பெயரில் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' போடும் பழக்கம் எல்லா ஆபீஸிலும் இருக்கிறது. அடுக்கிய வரிசை அப்படியே காக்கப்படும் என்று உத்தரவாதம் இல்லை. சில மாதம் சரியாக வரும், சில மாதம் வேறு ரசீதை எடுத்துவிடும். அட்டவணையை நினைவகத்தில் அப்படியே பிடித்து வைக்கும் 'டேபிள்.பஃபர்' என்ற ஃபங்ஷனுக்குள் அடுக்கிய படியை வைத்தால் நிற்கும். நான் 'குரூப் பை' போட்டு அதிகபட்சத் தேதியை எடுக்கத்தான் சொல்வேன். வரிசையை நம்பியே இருக்க வேண்டியதில்லை.

இந்த நான்கும் பார்த்தும் மொத்தம் ஒட்டவில்லை என்றால் கோளாறு கொயரியில் இல்லை, மூலக் கணக்கில் இருக்கலாம். கணினிக்காரரை விட்டுவிட்டு உங்கள் கணக்காளரிடம் போங்கள்.

## அறிகுறி: ரெஃப்ரெஷ் கொடுத்தால் டீ குடித்து வந்தாலும் முடியவில்லை

கோப்பு எங்கே இருக்கிறது? பகிர்ந்த டிரைவில் இருக்கும் ஃபோல்டரை வைஃபை வழியே படித்தால் மெதுவாகத்தான் வரும். ஃபோல்டரை உங்கள் கணினியிலேயே நகலெடுத்து, பாதையை மாற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் பிரச்சினை நெட்வொர்க்கில். கொயரியை நோண்ட வேண்டாம்.

இடைப்படிகளும் ஷீட்டில் இறங்குகின்றனவா? 'கொயரிஸ் அண்ட் கனெக்‌ஷன்ஸ்' பலகத்தில் 'விற்பனை_மூலம்', 'விற்பனை_சுத்தம்' இரண்டுக்கும் கீழே இத்தனை வரி ஏற்றப்பட்டது என்று எழுதியிருந்தால் தேவையில்லாமல் இறங்குகிறது. வலது கிளிக், 'லோட் டு', 'ஒன்லி கிரியேட் கனெக்‌ஷன்'. ஷீட்டில் உள்ள அட்டவணை போய்விடும் என்று எச்சரிக்கும். வேறு எந்த ஃபார்முலாவும் அந்த அட்டவணையைப் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு சரி கொடுங்கள்.

எடிட்டர் திறந்திருக்கும்போது மட்டும் மெதுவா? 'கொயரி ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டேட்டா லோட்' பகுதியில், முன்னோட்டத்தைப் பின்னணியில் இறக்க அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள்.

மூலம் ஒரு தடவைக்கு மேல் படிக்கப்படுகிறதா? நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். ரெஃபரன்ஸ் கொடுத்துவிட்டால் சுத்தம் செய்த விளைவு எங்கோ ஓரிடத்தில் சேமிக்கப்பட்டு, மூன்று அறிக்கையும் அதை எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். ரெஃபரன்ஸ் பகிர்வது வழிமுறையைத்தான், விளைவை இல்லை. ஒரே குழம்புச் செய்முறையை மூன்று வீட்டுக்குக் கொடுத்தால் மூன்று வீட்டிலும் தனித்தனியாகத்தான் பருப்பு வேகும், அதுபோல. ஒவ்வொரு அறிக்கையும் மூலம் வரை திரும்பிப் போய், ஃபோல்டரைப் படித்து, சுத்தம் செய்து வரக்கூடும். எக்செல் சில நேரம் படித்ததையே மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் அதை நம்பி அமைப்பைக் கட்ட முடியாது.

சோதிக்க ஒரு அறிக்கையை மட்டும் ரெஃப்ரெஷ் செய்து நேரம் பாருங்கள், பிறகு மூன்றையும் சேர்த்து. ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனால் இதுதான் விஷயம். வைத்தியம் கீழே, செலவு ஏறும் வரிசையில்.

முதலில் சுமையைக் குறையுங்கள். 'விற்பனை_சுத்தம்' கொயரியில் கூடியவரை முன்னாலேயே 'சூஸ் காலம்ஸ்' போட்டு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் வையுங்கள். வாகன எண், டிரைவர் பெயர், குறிப்பு என்று யாரும் பார்க்காத நெடுவரிசைகளைக் கடைசிவரை தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை.

அடுத்து, அறிக்கைக் கொயரிகளே தேவையா என்று பாருங்கள். மூன்று கொயரி எழுதியதே மூன்று விதமாகக் கூட்டுவதற்குத்தான் என்றால், 'விற்பனை_சுத்தம்' ஒன்றை மட்டும், ஷீட்டில் இறக்காமல் கோப்புக்குள்ளேயே தரவை வைக்கும் 'டேட்டா மாடல்' உள்ளே ஏற்றி, அதன்மேல் மூன்று பிவட் டேபிள் போட்டால் போதும். மூலம் ஒரே முறை படிக்கப்படும். பெரும்பாலான ஆபீஸ்களில் விஷயம் இங்கேயே தீர்ந்துவிடும். இணையத்தில் இதைவிட்டு மற்றதெல்லாம் எழுதுகிறார்கள். ஒரு எச்சரிக்கை: டேட்டா மாடல் பெரிய எழுத்து சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை, பவர் கொயரி பார்க்கும். ஊர்ப் பட்டியலில் கொயரி இரட்டை இல்லை என்று சொல்லும், மாடல் இருக்கிறது என்று சொல்லும். மேலே சொன்ன அப்பர்கேஸ் இதற்கும் மருந்து.

'டேபிள்.பஃபர்' போட்டால் வேகம் வரும் என்று யாராவது சொல்வார்கள். ஒரே கொயரி ஓடும்போது, அதற்குள் ஒரே அட்டவணை பலமுறை தேவைப்பட்டால் உதவும். மூன்று அறிக்கை மூன்று தனி ஓட்டம். ஒன்றில் பஃபரில் வைத்தது இன்னொன்றுக்குக் கிடைக்காது. மூலம் டேட்டாபேஸாக இருந்தால் கெடுதலும் உண்டு: வடிகட்டுதலை டேட்டாபேஸே செய்துகொடுக்கும் வசதி பஃபரோடு நின்றுவிடும், முழு அட்டவணையும் உங்கள் கணினிக்கு இறங்கும்.

விளைவை உண்மையாகவே ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்றால், சுத்தம் செய்ததை ஒரு ஷீட்டில் அட்டவணையாக இறக்கி, 'ஃப்ரம் டேபிள்' வழியாக அறிக்கைகளை அதிலிருந்து படிக்க வைக்கலாம். இதில் இரண்டு பள்ளம். ஷீட்டுக்கு 10,48,576 வரிதான் எல்லை. இன்னொன்று, ரெஃப்ரெஷ் ஆல் கொடுத்தால் எது முதலில் ஓடும் என்ற வரிசை உங்கள் கையில் இல்லை. அறிக்கை பழைய அட்டவணையைப் படித்துவிட்டு, சுத்தம் அதற்குப் பிறகு முடியலாம். அறிக்கை ஒரு மாதம் பின்தங்கியே வருகிறது, இரண்டாவது முறை ரெஃப்ரெஷ் கொடுத்தால் சரியாகிறது என்று யாராவது சொன்னால் இதுதான் காரணம். கொயரியின் 'ப்ராபர்டீஸ்' போய் 'எனேபிள் பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ்' டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் பின்தங்கினால், சுத்தம் முதலில், அறிக்கை பிறகு என்று கையால் இரண்டு கட்டமாக ஓட்டுங்கள்.

ஏப்ரல் முதல் போன மாதம் வரை கணக்கு இனி மாறாது என்றால் அதைத் தினமும் படிப்பானேன்? முடிந்த மாதங்களைச் சுத்தம் செய்து தனிக் கோப்பாக வைத்துவிட்டு, நடப்பு மாதத்தை மட்டும் புதிதாகப் படித்து அதன் கீழே 'அப்பென்ட்' செய்து சேருங்கள். யாராவது பழைய தேதியில் பில் திருத்துவார்கள் என்றால் இந்த வழி வேண்டாம். மண்டியில் அது நடக்கும்.

இதற்கு மேலும் மெதுவாக இருந்தால் ஆளைக் கூப்பிடும் நேரம். இடைப்படியை டேட்டாபேஸ் அட்டவணையாக வைப்பது, பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் அறிக்கைச் சேவை) உள்ளே, கொயரியை இணையத்தில் ஓட்டி விளைவைச் சேமிக்கும் 'டேட்டாஃப்ளோ' போடுவது இரண்டும் இனி உள்ள வழிகள். டேட்டாஃப்ளோவில், ஒரு முறை சேமித்த அட்டவணையிலிருந்து இன்னொன்றைக் கணக்கிடும் வசதிக்குப் பிரீமியம் உரிமம் வேண்டும். சாதாரண புரோ உரிமத்துக்கு விலை கேட்டுவிட்டு இதைத் தொடங்காதீர்கள்.

## அறிகுறி: 'ஃபார்முலா.ஃபயர்வால்' என்று மஞ்சள் பட்டை

இந்தப் பெயரில் இரண்டு வேறு செய்திகள் வரும். வைத்தியமும் வேறு. முழு வாக்கியத்தையும் படியுங்கள்.

'மற்ற கொயரிகளைப் பார்க்கிறது, ஆகவே நேரடியாக மூலத்தைத் தொடக்கூடாது' என்ற பொருளில் இருந்தால்: ஒரே கொயரி இடைப்படியிலிருந்தும் எடுக்கிறது, தானே ஒரு கோப்பையும் திறக்கிறது. ஃபோல்டர் பாதையை ஒரு செல்லில் எழுதி, அதைத் தனிக் கொயரியாகப் படித்து, இன்னொரு கொயரியில் அந்தப் பாதையால் கோப்பைத் திறப்பவர்களுக்குத் தவறாமல் வரும். செல்லைப் படிக்கும் படியையும் கோப்பைத் திறக்கும் படியையும் ஒரே கொயரிக்குள் கொண்டுவாருங்கள். மற்ற இடங்களில் எதிர்த்திசை: கோப்பைத் திறக்கும் வேலையை அதற்கென்று ஒரு கொயரிக்குக் கொடுத்துவிட்டு, இணைக்கும் கொயரி வேறு கொயரிகளை மட்டும் பார்க்கும்படி வையுங்கள்.

'தனியுரிமை நிலைகள் ஒன்றாகப் பயன்படுத்த முடியாதவை' என்ற பொருளில் இருந்தால்: 'டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ்' போய் இரண்டு மூலத்துக்கும் ஒரே நிலையை, அதாவது 'ஆர்கனைசேஷனல்' என்று வையுங்கள். அதிலும் தீரவில்லை, மூலம் எல்லாம் உங்கள் ஆபீஸ் ஃபோல்டருக்குள்தான் என்றால், 'கொயரி ஆப்ஷன்ஸ்' உள்ளே இந்தக் கோப்புக்கு மட்டும் தனியுரிமை நிலைகளைப் புறக்கணிக்கச் சொல்லலாம். வெளி இணையதளமோ வேறு கம்பெனி டேட்டாபேஸோ கலந்திருந்தால் அதைச் செய்யாதீர்கள். ஒரு மூலத்தின் விவரம் இன்னொரு மூலத்துக்குக் கேள்வியோடு சேர்ந்து போய்விடக்கூடும். பார்ட்டி விவரமும் ஜிஎஸ்டி எண்ணும் அப்படி வெளியே போகத் தேவையில்லை.

## அறிகுறி: இடைப்படியைத் திருத்தியதும் அறிக்கைகள் எல்லாம் 'நெடுவரிசை இல்லை' என்கின்றன

கொயரியின் பெயரை மாற்றினால் அதைப் பார்க்கும் கொயரிகள் தாமாக மாறிக்கொள்ளும். நெடுவரிசைப் பெயரை மாற்றினால் மாறிக்கொள்ளாது. அறிக்கைகளின் படிகளில் பழைய பெயர் எழுத்தாகவே பதிந்திருக்கும்.

நீங்கள் மாற்றினீர்களா, மென்பொருள் மாற்றியதா? நீங்கள் மாற்றவில்லை என்றால் ஏற்றுமதிக் கோப்பின் தலைப்பு வரியைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி, புள்ளி கூடியது, மேலே முகவரியில் ஒரு வரி கூடித் தலைப்பு கீழே இறங்கியது, இவைதான் வழக்கம். மேலிருந்து இத்தனை வரி நீக்கு என்று எண்ணிக்கை கொடுத்திருந்தால் முகவரி மாறிய மாதம் உடையும். எண்ணிக்கைக்குப் பதில் முதல் நெடுவரிசையில் 'தேதி' என்ற தலைப்புச் சொல் வரும்வரை நீக்கும்படி எழுதிவிட்டால் நிம்மதி.

எரர் தெரியும் இடம் வேறு, பிறந்த இடம் வேறு. அறிக்கையில் எரர் வந்தால் அங்கேயே நோண்டாமல் 'விற்பனை_மூலம்' கொயரிக்குப் போய் ஒவ்வொரு படியாகத் தட்டிக்கொண்டு கீழே வாருங்கள். முதலில் எந்தப் படியில் மஞ்சள் வருகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் தானாகச் சேர்ந்த 'சேஞ்ச்டு டைப்' படியாக இருக்கும். எல்லா நெடுவரிசைப் பெயரையும் அது பதிந்து வைத்திருக்கும். மூலத்தில் அதை அழித்துவிட்டு, சுத்தத்தின் கடைசியில் ஒரே ஒரு முறை வகை கொடுங்கள்.

ஃபோல்டரில் யாராவது கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார்களா? நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, யாரும் எதையும் மாற்றவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள் என்றால் இதைப் பாருங்கள். எக்செல் கோப்பு திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் ஒரு மறைவுக் கோப்பு உருவாகும். ஃபோல்டரை மொத்தமாகப் படிக்கும் கொயரி அதையும் விற்பனைக் கோப்பு என்று எடுத்துத் தடுக்கி விழக்கூடும். பக்கத்து மேசைக்காரர் கோப்பை மூடினால் சரியாகிவிடும். நிரந்தர வழி, 'விற்பனை_மூலம்' கொயரியில் கோப்புப் பெயர் ~$ என்று தொடங்கக்கூடாது என்ற வடிகட்டி போடுவது. ஒரே இடத்தில் போட்டால் போதும்.

## அறிகுறி: எடிட்டரில் எல்லாம் சரி, ஷீட்டில் இறங்கினால் எரர்

எடிட்டர் காட்டுவது முன்னோட்டம். நெடுவரிசைத் தரம் காட்டும் பட்டையும் முதல் 1000 வரியை வைத்துத்தான் பேசும். கீழே நிலைப் பட்டையில் அதைத் தட்டி முழுத் தரவுக்கும் மாற்றுங்கள். அப்புறம் 'கீப் எரர்ஸ்' போட்டு எந்த வரி என்று பார்த்துவிட்டு அந்தப் படியை அழித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

தேதி. மூலம் சிஎஸ்வி, கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்றால் 05-04-2025 என்பது மே 4 ஆகிவிடும். 13-04-2025 என்றால் 13ஆவது மாதம் இல்லையே என்று எரர் வரும். கவனியுங்கள், ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதியிலிருந்துதான் எரர் கத்தும். முதல் 12 நாள் சத்தமே இல்லாமல் வேறு மாதத்துக்குப் போயிருக்கும். எரர் வரிகளை மட்டும் நீக்கிவிட்டு 'சரியாகிவிட்டது' என்று போனால் பெரிய தப்பு. வகை மாற்றும்போது 'யூசிங் லொகேல்' என்று கேட்டு இங்கிலீஷ் இந்தியா கொடுங்கள். இதுவும் 'விற்பனை_சுத்தம்' உள்ளேதான் இருக்க வேண்டும். அறிக்கை அறிக்கையாகப் போட்டால் ஒன்றில் விட்டுப்போகும்.

முன்னால் உள்ள சுழி. தோல் செருப்பு வியாபாரிக்கு எச்எஸ்என் 6403 என்று தொடங்கும், தொந்தரவு இல்லை. காய்கறி மண்டிக்கு 07இல் தொடங்கும். தானாகச் சேரும் வகை மாற்றம் 0709 என்ற கத்தரிக்காயை 709 ஆக்கிவிடும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடே வாங்கினாலும் எக்செல் சுழியைத் தின்னாமல் விடாது. எச்எஸ்என், பின்கோடு, பார்ட்டி எண் எல்லாம் டெக்ஸ்ட்.

## அறிகுறி: 'சைக்ளிக் ரெஃபரன்ஸ்' என்கிறது, அல்லது கொயரியை அழிக்க விடவில்லை

முதலாவது, அ கொயரி ஆ கொயரியைப் பார்க்கிறது, ஆ மறுபடி அ-வைப் பார்க்கிறது. அறிக்கையில் கணக்கிட்ட ஒரு தொகையைச் சுத்தத்துக்குள் மெர்ஜ் செய்யப் பார்க்கும்போது வரும். சுத்தத்தின் பாதியில் எக்ஸ்ட்ராக்ட் ப்ரீவியஸ் போட்டு இரண்டாக வெட்டி, அந்தத் தொகையை முதல் பாதியிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டாவது கோளாறே இல்லை. வேறு யாரோ அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டிபென்டன்சீஸ் படத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் யார் என்று தெரியும்.

## ஆளைக் கூப்பிடும்போது

டேட்டாபேஸ், டேட்டாஃப்ளோ, அல்லது கோப்பை ஒரே நேரத்தில் பலர் ரெஃப்ரெஷ் செய்யும் தேவை என்று வந்துவிட்டால் கையால் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வருபவருக்கு டிபென்டன்சீஸ் படத்தைக் காட்டுங்கள். எந்த மாதத்தில் எந்த மொத்தம் சரியானது என்று உங்கள் கணக்காளர் ஒப்புக்கொண்ட ஒரு எண்ணைக் கொடுங்கள். அது இல்லாமல் யாராலும் சரிபார்க்க முடியாது. மாதிரிக் கோப்பை வாட்ஸாப்பில் அனுப்பும் முன் பார்ட்டிப் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மாற்றுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் விட்டுவையுங்கள். தமிழ்நாட்டின் 33, சித்தூர் பக்கப் பார்ட்டிகளின் 37 என்று மாநிலம் பிரிக்க அது தேவைப்படும். டேட்டாபேஸ் கடவுச்சொல் கேட்டால் உங்களுடையதைக் கொடுக்காமல், படிக்க மட்டும் அனுமதியுள்ள தனி யூசரை உருவாக்கித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்றே அதை முடக்கிவிடுங்கள்.